ஒரு மூடிப் பிரசாதம்

சீ, அந்தச் சன்னல நல்லாத் தொறந்து விடு தாயி. என் சேலையெல்லாம் பினாயில் வாடை. உள்ளகூடப் போகல, கேட்டுல நின்னதுக்கே இப்பிடி. நீ எங்க எறங்கணும்? அருப்புக்கோட்டையா? நல்லதாப் போச்சு. நானும் அங்க எறங்கித்தான் பந்தல்குடி பஸ்ஸு பிடிக்கணும். பேச்சுத்துணைக்கு ஆளாச்சு.

எங்கருந்து வாரேன்னு நீ கேக்கல. நானே சொல்றேன். குடிகாரங்களத் திருத்துற எடத்துலருந்து வாரேன். எம்மவன் அங்க இருக்கான். மொகத்த அப்பிடிச் சுளிக்காத தாயி. சுளிக்க வேண்டியவ நாந்தான்.

குடி ஒண்ணும் எனக்குப் புதுசு கெடையாது. இவுகப்பாவும் குடிச்சவருதான். சாயங்காலம் வந்து ஒக்காந்தாருன்னா வெங்காயத்த வதக்கி, முட்டைய ஊத்தி, பக்கத்துல வச்சிருவேன். வெளிய போயி கண்டவனோட ரோட்டுல கெடக்கக் கூடாதுல்ல. மரியாதையா வீட்டுல குடிச்சாரு, மரியாதையா வீட்டுலயே செத்தாரு. ஈரல் போச்சுன்னாரு டாக்டரு. சாகுறப்ப எல்லாருக்கும் ஏதாச்சும் ஒண்ணு போகத்தான் செய்யும். அதுக்காக எவனாச்சும் என்னயக் கூப்பிட்டு வச்சுப் பாடம் எடுத்தானா? இல்லயே.

எம்மவன் பேரு தவமணி. லேத்துப் பட்டறையில வேல. நல்ல கைவேலக்காரன். ஆனா அப்பன மாதிரி அடக்கமாக் குடிக்கத் தெரியல. வாந்தி எடுப்பான், அதுலயே படுத்திருப்பான். கருமம், கருமம். பொண்டாட்டிக்காரி கலாவதி பிள்ளயத் தூக்கிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிருவா. கழுவி விடுறது யாரு? நாந்தான். பட்டறை ஓனரு போன் போட்டா, காச்சலா இருக்கான் சாமின்னு சொல்றது யாரு? நாந்தான். வருசம் பூரா காச்சல் எம்மவனுக்கு. அவரும் நம்புனாரு, என் குரலு அப்பிடி.

அப்பத்தான் தெருவுல ஒருத்தி ஒரு பொடியப் பத்திச் சொன்னா. குடிய மறக்கடிக்கிற பொடியாம். ருசி கெடையாது, வாடை கெடையாது, கொழம்புல கலந்தா தெரியாது. வாங்கிட்டு வந்து புளிக்கொழம்புல போட்டேன். அவன்கிட்டச் சொல்லல. சொன்னா எவன் சாப்புடுவான்? மருமககிட்டயும் சொல்லல. அன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் வந்தான். சோத்தத் தின்னு முடிக்கல, மூஞ்சி செவந்துபோச்சு, நெஞ்சு தடதடன்னு அடிக்குது, கண்ணு மேல சொருகிருச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். என்னம்மா குடுத்தீங்கன்னு டாக்டரு கேக்குறாரு. நா வாயத் தொறக்கல. தொறந்தா, பொடி குடுத்த அந்தப் பொம்பளைக்குச் சங்கடம்ல? கலாவதி வீட்டுக்கு ஓடி, அடுப்படியத் தொழாவி, பொட்டலத்த எடுத்துட்டு வந்து டாக்டரு மேசையில வச்சா. மாமியாளக் காட்டிக் குடுக்கணும்னா அம்புட்டு வேகம் அவளுக்கு.

அந்தப் பயத்துலதான் அவன் சென்டருக்குப் போக ஒத்துக்கிட்டான். அப்ப திருந்துனது யாரால, நீயே சொல்லு. அந்தப் பொடியாலதான? அத ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கிறாக. சாகப் பொழைக்கக் கெடந்தான், சாகப் பொழைக்கக் கெடந்தான்னு அதயேதான் திருப்பித் திருப்பிச் சொல்றாக.

சென்டர்ல ஞாயித்துக்கெழமையானா குடும்பத்தோட வகுப்புன்னாக. கேட்டியா கூத்த? குடிச்சது அவன், வகுப்பு எனக்கு. சேருகள வட்டமாப் போட்டு ஒக்கார வச்சிருந்தாக. எனக்கு அங்கிட்டு ஒரு குடிகாரன், இங்கிட்டு ஒரு குடிகாரன். ரெண்டு பேரும் பவுடரு போட்டு, தலயப் படியச் சீவி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி ஒக்காந்திருக்கானுக. பாடம் எடுக்கிறவரு ஞானமுத்து சாரு. வெள்ளச் சட்ட, மூக்குக்கண்ணாடி. படிச்ச மனுசன்னு நெனச்சு நானும் கும்புட்டுட்டேன். எந்திரிச்சு நின்னு மொதல்ல என்ன சொல்றாரு தெரியுமா? "நானும் ஒரு குடிநோயாளிதாம்மா." கும்புட்ட கையக் கழுவணும் போல இருந்துச்சு எனக்கு.

"இது ஒருத்தருக்கு வர்ற நோய் இல்லம்மா, குடும்பத்துக்கே வர்ற நோய். நீங்களும் குணமாகணும்"ங்கிறாரு.

எனக்கென்ன நோயி? சுகருகூடக் கெடையாது. இப்பவும் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோப்பேன்.

பெறகு ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் பேசுறா. என் வீட்டுக்காரரு பீரோவத் தொறந்து, கக்கூசுன்னு நெனச்சு, பட்டுச்சேல மேல ஒண்ணுக்குப் போயிட்டாருங்கிறா ஒருத்தி. அந்த ஆளு பக்கத்துலயே இருக்கான். அவனும் சிரிக்கிறான், அவளும் சிரிக்கிறா, எல்லாரும் கை தட்டுறாக. தைரியமாச் சொன்னதுக்குக் கை தட்டாம். வீட்டுக்குள்ள நாறுறத வீட்டுக்குள்ளயே கழுவி விடணும் தாயி. அத அள்ளிட்டு வந்து ஊருக்கு மோந்து பாக்கக் குடுப்பாகளா?

அப்புறம் எங்க வீட்டு மகராசி எந்திரிச்சா. "எங்க அத்த கொழம்புல பொடி கலந்துட்டாங்க சார். அன்னைலருந்து இவரு சோத்த மோந்து பாத்துட்டுத்தான் சாப்புடுறாரு. நான் செஞ்சதையும் மோந்து பாக்குறாரு. தண்ணியக்கூட மோந்து பாக்குறாரு"ன்னா. சொல்லிட்டு அழுகுறா. இந்தத் தடவ ஒருத்தரும் கை தட்டல. எல்லாரும் என்னயத்தான் பாக்குறாக. பீரோவுல ஒண்ணுக்குப் போனவன் என்னயப் பாக்குறான் தாயி! எம்மவன் தலயத் தொங்கப் போட்டுக்கிட்டான்.

ஞானமுத்து சாரு என்னயத் திட்டல. அதுதான் இன்னும் எரிச்சல். மெதுவா, பிள்ளைக்குச் சொல்ற மாதிரி, "பாசத்துலதான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும்மா. ஆனா இனிமே எது குடுத்தாலும் அவர்ட்டச் சொல்லிட்டுக் குடுங்க. அவரு ஒங்களயும் நம்பணும், தன்னையும் நம்பணும். அதுதான் இவங்களுக்கு மருந்து"ன்னாரு. பெறகு எல்லாரையும் எந்திரிக்க வச்சு, "இவருக்குத் தெரியாம இவருக்கு எதையும் குடுக்க மாட்டோம்"னு சொல்லச் சொன்னாரு. எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி ராகம் போட்டுச் சொல்றாக. நா வாய மட்டும் அசைச்சேன். பெத்த பிள்ளைக்குச் சோறு போட எவன்கிட்ட உத்தரவு வாங்கணும்?

சரி, குணமாகி வீட்டுக்கு வந்தான். குடிக்கல. அது நெசம், நா மறைக்கல. பட்டறைக்கு ஒழுங்காப் போனான், பிள்ளயப் பள்ளிக்கூடத்துல விட்டான், கன்னத்துல சத வச்சுச்சு. ஆனா வீட்டுல ஒரு பழக்கம் கொண்டாந்தான் பாரு. சட்டிலருந்து அவனே போட்டுக்குவான். நா கரண்டியத் தூக்கிட்டுப் போனா, "நீ ஒக்காரு ஆத்தா, நா போட்டுக்கிறேன்"ம்பான். மரியாதையாத்தான் சொல்லுவான். போட்டுட்டு ஒரு தடவ மூக்குக்கிட்டக் கொண்டு போவான். பெத்தவ முன்னாடி! நீயே சொல்லு தாயி. என் பால மோந்து பாத்துட்டா குடிச்சான்?

இந்த மாசிக்குக் கருப்புக்குப் படையல் மொற எங்க வீட்டுக்கு. எங்க கொலசாமி ஓடைக்கருப்பு. பங்காளிக வீடு ஒவ்வொண்ணா மொற சுத்தி வரும். மொறக்காரன் கெடா வெட்டி, சுருட்டு, சாராயப் பாட்டிலு எல்லாம் படைக்கணும். பாட்டில அவந்தான் தொறக்கணும், சாமி காலடியில கொஞ்சம் ஊத்தணும், ஒரு வாய் அவன் குடிக்கணும், மிச்சத்தப் பங்காளிகளுக்குக் குடுக்கணும். அப்பத்தான் மொத திருநூறும் கெடாத்தலையும் அவனுக்கு. அது எங்க மாமனாரு வாங்குனது, இவுகப்பா வாங்குனது. இவன் வாங்கலன்னா எங்க கொழுந்தன் மகன் ராசாங்கம் துண்டக் கட்டிக்கிட்டு முன்னாடி வந்து நிப்பான். அவன் மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ. சீ.

கலாவதி கால்ல விழாத கொறை. "அத்த, இந்த ஒரு வருசம் ராசாங்கம் மாமாவே செய்யட்டும். மூடியத் தொறந்த வாடையே இவருக்கு ஆகாது. சாரும் போக வேணாம்னுதான் சொல்றாரு"ன்னா. கொலசாமி கும்புடுறதுக்கு அந்தச் சாரு யாரு உத்தரவு போட? சாமிக்கு வச்சது பிரசாதம். அதப் போயிச் சாராயங்கிறாளே, நாக்கு அழுகிறாது? நா எம்மவன்கிட்ட ஒரே பேச்சாச் சொன்னேன், நீ வரலன்னா நா ஆத்துல விழுந்து செத்துருவேன்னு. வந்தான். ஞானமுத்து சாருக்குப் போன் போட்டுப் பேசிட்டுத்தான் வந்தான்.

படையல் போட்டாச்சு. கெடா விழுந்துச்சு. பூசாரி பாட்டில எடுத்து இவன் கையில குடுத்தாரு. இவன் மூடியத் தொறந்தான். மூச்சப் பிடிச்சுக்கிட்டான், நா பாத்தேன். பாட்டில அப்பிடியே தலகீழாக் கவுத்தி, சாமி காலடியில விட்டான். கொஞ்சமில்ல தாயி, பூராவும்! பங்காளிக அத்தன பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாக, இவன் மண்ணுல ஊத்துறான். "சாமிக்குத்தான, சாமியே குடிக்கட்டும்"ங்கிறான். பூசாரி சிரிச்சுட்டாரு. கருப்பு கொடுத்து வச்சவருன்னு சொல்லி இவனுக்கே மொத திருநூறு பூசுனாரு. ராசாங்கம் மட்டும் முணுமுணுத்தான், பிரசாதம் வாயில படாத படையல் படையலே இல்லன்னு.

அந்தச் சொல்லு என் நெஞ்சுல முள்ளாத் தச்சிருச்சு. நெசந்தான? வாயில படல. சாமி குத்தம் வந்து அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகிருச்சுன்னா? என் பேத்தி தாயி, தங்க விக்கிரகம் மாதிரி இருப்பா. ராசாங்கம் தனியா ஒரு பாட்டிலு கொண்டாந்திருந்தான், அதையும் சாமி முன்னாடி வச்சுத்தான் எடுத்தாக. அதுல ஒரு மூடி வாங்குனேன். ஒரே மூடி. பச்சப்பிள்ளைக்குக் கிரேப்புத் தண்ணி குடுக்கிற அளவு. பந்தியில அவன் எலைக்குக் கறிக்கொழம்பு நா ஊத்துனேன். அன்னைக்கு என்னயத் தடுக்கல அவன். சாமி எடம், அத்தன பேரு சுத்தி ஒக்காந்திருக்காக, ஆத்தா பரிமாற வந்திருக்கா. கைய எடுத்துக்கிட்டு, "ஊத்து ஆத்தா"ன்னான். மோந்தும் பாக்கல. எம்புட்டு நாளைக்கு அப்புறம் தாயி! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தக் கொழம்போட கொழம்பாத்தான் அந்த மூடியையும் ஊத்துனேன்.

ஒரு வாய் முழுங்கிட்டான். ரெண்டாவது வாய எடுத்தவன் அப்பிடியே வச்சுட்டான்.

"ஆத்தா, இதுல என்ன போட்ட?"

"பிரசாதம்ப்பா."

அவன் கத்தலாம்ல? ஏசலாம்ல? இவுகப்பாவா இருந்தா எலையத் தூக்கி என் மூஞ்சியில எறிஞ்சிருப்பாரு, அது ஆம்பள. இவன் என்னயப் பாத்தான். நாய் கடிக்க வந்தா பிள்ளைக பாக்கும்ல, அப்பிடி. எந்திரிச்சு, புளியமரத்துக்கு அங்கிட்டுப் போயி, தொண்டையில வெரல விட்டு வாந்தி எடுக்குறான். சாமி எல்லையில! பிரசாதத்த! பந்தியில ஒக்காந்திருந்தவுகளுக்குச் சோறு எறங்குமா? எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு.

வாயக் கழுவிட்டு வந்தவன் எலைக்கு வரல. பங்காளிக பாட்டில நடுவுல வச்சு ஒக்காந்திருந்த எடத்தையே பாத்துக்கிட்டு நின்னான். எச்சிய முழுங்குறான், முழுங்குறான். ராசாங்கம், "வா தம்பி, ஒரு வாய்க்கு அப்புறம் என்ன?"ன்னு கூப்பிடுறான். இவன் கலாவதி கையப் பிடிச்சுக்கிட்டு, "இப்பவே என்னய சென்டருக்குக் கூட்டிட்டுப் போயிரு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னேன்னா நா போயி அங்க ஒக்காந்துருவேன்"னு சொல்றான். ஒரு ஆம்பள பொண்டாட்டிகிட்டச் சொல்ற பேச்சா இது? பிள்ளய முன்னாடி வச்சு, அவன் பின்னாடி ஒக்கார, அவளே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா. உச்சி வெயில்ல, மொறக்காரன், எல பாதியில கெடக்க, பொண்டாட்டி வண்டியில பின்னாடி ஒக்காந்து போறான். கெடாத்தலைய ராசாங்கம் எடுத்துட்டுப் போயிட்டான்.

நல்லா இருந்த பயல மறுபடி கொண்டு போயிச் சேத்துட்டா, பாரு. யாரு கேக்கப் போறா அவள?

இன்னைக்கு ஞாயித்துக்கெழம. வகுப்பு நாளுன்னு தெரியும். நம்ம பிள்ளயாச்சேன்னு மனசு கேக்கல. விடியக்கால எந்திரிச்சு கருப்பட்டிப் பணியாரம் சுட்டு, தூக்குவாளியில அடுக்கி, பஸ்ஸு ஏறி வந்தேன். கலாவதியும் பிள்ளையும் முன்னமே உள்ள போயிட்டாகளாம். வாட்ச்மேன் உள்ள போயிச் சொன்னான். எம்மவனே கேட்டுக்கு வந்தான். மெலிஞ்சிருந்தான், ஆனா கண்ணு தெளிவா இருந்துச்சு.

"வா ஆத்தா. வகுப்பு ஆரம்பிக்கப் போகுது. ஒனக்கும் சேரு போட்டு வச்சிருக்கேன், எனக்குப் பக்கத்துல"ன்னான். எனக்கு மனசு குளுந்துபோச்சு. கேட்டுக்குள்ள ஒரு கால வச்சேன். அப்பச் சொல்றான், "அந்த வாளிய மட்டும் வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டு வா."

"ஒனக்குத்தான்டா கொண்டாந்தேன்"னேன்.

"தெரியும் ஆத்தா. நா சாப்புட மாட்டேன். ஒங் கையால இனிமே சாப்புட மாட்டேன். ஆனா நீ எனக்கு வேணும். உள்ள வா. வந்து பக்கத்துல ஒக்காரு, அது போதும்."

கேட்டியா தாயி? சோறு வேணாமாம், நா மட்டும் வேணுமாம். சோறு போடாத ஆத்தா எதுக்கு? என்னய வச்சு என்ன செய்வான்? சேர்ல ஒக்கார வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பானா? அந்தப் பீரோக்காரன் சிரிக்கிறதப் பாத்துக்கிட்டு, அவ அழுகுறதக் கேட்டுக்கிட்டு, வெறுங்கைய மடியில வச்சுக்கிட்டு நா அங்க ஒக்காந்திருக்கணுமா? அந்த ஞானமுத்து சொல்லிக் குடுத்த பேச்சு தாயி இது. எம்பிள்ள வாயில இப்பிடிப் பேச்சு வராது. நா வச்ச கால எடுத்துட்டேன். வாளிய இடுக்கிக்கிட்டுத் திரும்பி நடந்தேன். "ஆத்தா, ஆத்தா"ன்னு ரெண்டு தடவ கூப்பிட்டான். பஸ்ஸு வார வரைக்கும் கேட்டுலயேதான் நின்னான். நா திரும்பிப் பாக்கல. நின்னான், எனக்குத் தெரியும்.

வரட்டும். அவனா வருவான். பெத்தவ இல்லாம எங்க போயிருவான்? வகுப்பா வந்து சோறு போடும்?

என்ன தாயி, மொகம் வாடிப்போச்சு? கண்ணெல்லாம் சோர்ந்து கெடக்கு. ஏறுனப்பவே போன்ல யாருகிட்டயோ இன்னும் ஒண்ணும் சாப்புடலன்னு சொல்லிக்கிட்டு இருந்த, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தா, பணியாரம் இருக்கு. இம்புட்டையும் நா ஒருத்தி என்ன செய்யப் போறேன்? எடுத்துக்க. நெய்யி ஊத்திச் சுட்டது, இன்னும் மெத்துன்னுதான் இருக்கு. ரெண்டு எடுத்துக்க.

வேணாமா? ஏன், போன்ல சாப்புடலன்னுதான சொன்ன. வெக்கப்படாத தாயி, ஒன் ஆத்தா மாதிரி நெனச்சு எடுத்துக்க. அட, கைய நீட்டு.

ஏன் இப்பிடிக் கைய இழுத்துக்கிற?

அரிசியும் உளுந்தும் கருப்பட்டியும்தான் தாயி. ஏலக்கா தட்டிப் போட்டுருக்கேன். வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா வேற ஒண்ணுமே இல்ல.

சரி, இரு. இங்க பாரு, நா மொதல்ல திங்கிறேன். பாத்தியா, பாதியப் பிட்டு வாயில போட்டுட்டேன். முழுங்கிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலல்ல? இந்தா, மிச்சப் பாதி. இப்பவாச்சும் வாங்கிக்க தாயி.